ஒரே பறப்பு, மூன்று சிமுலேட்டர்: தரைக்காட்சியையும் கம்ப்யூட்டரையும் ஒத்துப் பார்ப்பது எப்படி?

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எதில் ஊர் அச்சு அசலாகத் தெரியும்?" என்றுதான். வாங்கி ஒரு வாரம் ஆனதும் அடுத்த கேள்வி வரும்: "ஏன் இப்படித் திக்கித் திக்கி ஓடுகிறது?" முதல் கேள்விக்குப் பதில் தேடும்போதே இரண்டாவதையும் சேர்த்துப் பார்த்திருந்தால் பணமும் பொழுதும் மிச்சம். தரையில் ஒவ்வொரு மரமும் கூரையும் கூடக்கூட, அதை வரைய யாரோ உழைக்க வேண்டும். அந்த உழைப்பாளி உங்கள் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்.

யூடியூப் வீடியோவைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அவை பெரும்பாலும் விலையுயர்ந்த கம்ப்யூட்டரில், எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைத்து எடுத்தவை. உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் இணைய வேகத்தில் எது எப்படி ஓடும் என்பதை நீங்களேதான் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான் இதைச் செய்வது 16 ஜிபி ராமும் 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரியும் உள்ள பழைய கேமிங் லேப்டாப்பில்.

எந்த உயரத்தில் பறக்கப் போகிறீர்கள்?

ஏர்பஸ்ஸிலோ போயிங்கிலோ 35,000 அடியில் பறப்பதுதான் ஆசை என்றால், தெருவும் கூரையும் உங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. மேகமும், வானத்தின் நிறமும், விமான நிலையமும் நன்றாக இருந்தால் போதும். செஸ்னா 172 போன்ற சின்ன விமானத்தில் 1,500 அடியில், ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்து வழி கண்டுபிடித்துப் பறப்பவருக்குத் தரைதான் எல்லாம். இதைத் தீர்மானிக்காமல் "எது நிஜம் போல இருக்கிறது" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். அவரவர் உயரத்தில் அவரவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

தரை எப்படி உருவாகிறது?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வந்தது. அடுத்த பதிப்பு 2024 நவம்பரில். இரண்டையும் உருவாக்கியது பிரான்ஸின் போர்தோ நகரில் இருக்கும் அசோபோ ஸ்டூடியோ. இதில் தரைக்கு அடிப்படை பிங் மேப்ஸின் வான்வழிப் படங்கள். சில பெரிய நகரங்களுக்கு, பல கோணங்களில் எடுத்த படங்களைக் கோத்து நிஜக் கட்டடங்களின் வடிவத்தையே எடுத்துவிடுகிறார்கள். இதற்கு போட்டோகிராமெட்ரி என்று பெயர். மற்ற ஊர்களில் மென்பொருள் படத்தைப் பார்த்து, "இது கூரை, இவ்வளவு உயரம் இருக்கலாம்" என்று ஊகித்துக் கட்டடத்தை எழுப்புகிறது.

ஊகம் தப்பினால் வேடிக்கைதான். 2020-இல் வெளியான சில நாட்களிலேயே மெல்பர்ன் புறநகர் ஒன்றில், ஓட்டு வீடுகளுக்கு நடுவே ஊசி போல 212 மாடிக் கோபுரம் ஒன்று நின்றது. காரணம், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ 2 மாடி என்று எழுத வேண்டிய இடத்தில் 212 என்று தட்டிவிட்டார்கள். லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை அப்போது ஏதோ அலுவலகக் கட்டடம் போல நின்றதும் இப்படித்தான்.

எக்ஸ்-பிளேன் 12, அமெரிக்காவின் லாமினார் ரிசர்ச் நிறுவனத்துடையது. இதில் தரைக்கு நிஜப் படம் கிடையாது. இந்த இடம் வயல், இது குடியிருப்பு, இது காடு என்ற வகைப்பாட்டுக்கு ஏற்ற நிறமும் கட்டடமும் மரமும் வரும். சாலையும் ஆறும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து வருகின்றன. அதனால் உங்கள் தெரு சரியான இடத்தில் வளையும். ஆனால் அதில் நிற்பது உங்கள் வீடாக இருக்காது. நிஜப் படம் வேண்டுமென்றால் ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவசக் கருவியை வைத்து நீங்களே தயாரிக்கலாம். அது ஹார்ட் டிஸ்கைத் தின்றுவிடும்: தெளிவில் ஒரு படி ஏற்றினால் அளவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். புதியவர்கள் முதல் மாதம் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஃப்ளைட்கியர் முற்றிலும் இலவசம். தரை எளிமையானது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். பணம் போடுவதற்கு முன் இந்தப் பொழுதுபோக்கு நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதுவே போதும்.

மைக்ரோசாஃப்டில் தரை, பறக்கும்போதே இணையத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் என்பதால் இணையத்தையும் கணக்கில் எடுங்கள். 2020 பதிப்பு டிஸ்கில் 150 ஜிபி கேட்டது. இணைய வேகம் குறைந்தது 5 எம்பிபிஎஸ், பரிந்துரை 20. 2024 பதிப்பு டிஸ்கில் 50 ஜிபிதான் கேட்கிறது; இணையத்துக்குக் குறைந்தது 10, பரிந்துரை 50. டிஸ்கில் இருந்த சுமை கேபிளுக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவருக்கு ஒரு நாள் டேட்டா எங்கே போனதென்றே தெரியாது. எக்ஸ்-பிளேனில் வேண்டிய பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஒருமுறை இறக்கிவிட்டால், பிறகு இணையம் போனாலும் தரை அப்படியே இருக்கும்.

சோதனைப் பறப்பு

இரண்டு சிமுலேட்டரை ஒப்பிட ஒரே விமானம், ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே வானிலை வேண்டும். செஸ்னா 172 எல்லாவற்றிலும் உண்டு. மைக்ரோசாஃப்டில் டிஜிட்டல் திரை வைத்த 172-ஐ எடுத்தால் எக்ஸ்-பிளேனிலும் அதையே எடுங்கள். அந்தத் திரைகளை வரையவே பிராசசருக்குத் தனி வேலை. ஒன்றில் திரையும் இன்னொன்றில் முள் மீட்டரும் என்றால் கணக்கு உதைக்கும்.

பாதைக்கு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர் ஒன்று வேண்டும். நான் வைத்திருப்பது திருச்சி. விமான நிலையத்தில் 27-ஆம் ரன்வேயில் மேற்கு நோக்கிக் கிளம்பி, 1,500 அடிக்கு ஏறி, வலப்பக்கம் வடக்கே திரும்பினால் ஏழெட்டு கிலோமீட்டரில் மலைக்கோட்டை. அதைத் தாண்டிக் காவிரி, ஸ்ரீரங்கம், கொள்ளிடம். திரும்பி வந்து இறங்கினால் பதினைந்து நிமிடம். உயரத்தையும் திசையையும் ஆட்டோபைலட்டிடம் கொடுத்துவிடுங்கள்; அப்போதுதான் ஒவ்வொரு முறையும் ஒரே பாதை வரும்.

இன்னொரு பாதை, கம்ப்யூட்டரைக் கதற வைக்க: நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கு. பெரிய விமான நிலையம், அதற்கப்பால் வானுயர்ந்த கட்டடக் காடு. இங்கே தாங்குகிற செட்டிங் உலகத்தில் பெரும்பாலான இடங்களில் தாங்கும்.

உள்ளூர் நேரம் பகல் 12 மணி, மேகமில்லாத வானம். 'லைவ் வெதர்' வேண்டவே வேண்டாம். காலையில் வெறும் வானத்திலும் மாலையில் மழை மேகத்திலும் ஓட்டிவிட்டு எண்களை ஒப்பிட்டால் அதில் அர்த்தமில்லை. மற்ற விமானங்களின் நடமாட்டமும் மல்டிபிளேயரும் அணைந்திருக்கட்டும். திரையின் ரெசல்யூஷன் எல்லாவற்றிலும் ஒன்றே, உதாரணமாக 1920-க்கு 1080. பிரவுசரை மூடிவிடுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சார்ஜரைச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், முதல் முறை நான் ஒரு மாலை முழுக்க பேட்டரியில் ஓட்டிவிட்டு, இந்த சிமுலேட்டர் என் மெஷினுக்கு ஆகாது என்று முடிவே கட்டிவிட்டேன். பேட்டரியில் இருக்கும்போது லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடுத்து, பிராசசரோடு ஒட்டிவரும் சின்ன கிராபிக்ஸில் ஓடுகிறதா, தனி கார்டில் ஓடுகிறதா என்பதை விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் சூடு. மே மாதத்தில் ஏசி இல்லாத என் அறையில் முதல் ஐந்து நிமிடம் விநாடிக்கு 44 ஃப்ரேம் (திரையில் வரையப்படும் படம்) காட்டியது, இருபதாவது நிமிடத்தில் 31-க்கு இறங்கியது. அதனால் கிளம்பிய உடனே தெரியும் எண்ணை எழுதாதீர்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, மெஷின் சூடேறியபின் அளந்ததுதான் உண்மை.

எண்ணை எங்கே பார்ப்பது, எப்படிப் படிப்பது?

மைக்ரோசாஃப்டில் செட்டிங்ஸில் டெவலப்பர் மோடை இயக்கினால் மேலே ஒரு பட்டை வரும். எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று காட்டும் பெட்டியை அதிலிருந்து திறக்கலாம். எக்ஸ்-பிளேனில் செட்டிங்ஸ், டேட்டா அவுட்புட் போய், ஃப்ரேம் ரேட் வரிசையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஃப்ளைட்கியரில் வியூ மெனுவில் இருக்கிறது.

ஒரு விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 33 மில்லி விநாடி. 60 என்றால் 16.7. சுடும் கேம் ஆடுபவர்களுக்கு 60-க்குக் கீழே போனால் கோபம் வரும். விமானத்துக்கு நிலையான 30 தாராளம். 'நிலையான' என்பதுதான் முக்கியம். சராசரி 45 காட்டும், ஆனால் நாலு விநாடிக்கு ஒருமுறை ஒரு படம் மட்டும் 150 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிவது அந்த ஒன்றுதான். ரன்வேக்கு மேலே பத்தடி உயரத்தில் மூக்கைத் தூக்கும் நொடியில் அது வந்தால், விமானம் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் சக்கரம் தரையில் அறைந்திருக்கும். அதனால் நோட்டில் சராசரியை எழுதாமல், மிகக் குறைந்த எண்ணையும், எத்தனை முறை திக்கியது என்பதையும், எந்த இடத்தில் என்பதையும் எழுதுங்கள்.

எக்ஸ்-பிளேனில் ஒரு சூட்சுமம் உண்டு. ஏறத்தாழ 20 ஃப்ரேமுக்குக் கீழே போனால், பறத்தல் கணக்கு குழம்பாமல் இருக்க, அது காலத்தையே மெதுவாக்கிவிடும். விமானம் குதிக்காது; ஸ்லோ மோஷனில் போகும். புதியவர்கள் இதை "ரொம்ப ஸ்மூத்தாக இருக்கிறது" என்று நினைத்துவிடுவார்கள். ஒரு கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, வேகத்தைத் தடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் அந்தப் பெட்டியிலேயே, தடுப்பது 'மெயின் த்ரெட்' என்றோ 'ஜிபியு' என்றோ எழுதியிருக்கும். முதலாவது என்றால் பிராசசர் திணறுகிறது. இரண்டாவது என்றால் கிராபிக்ஸ் கார்டு. எக்ஸ்-பிளேன் இரண்டின் நேரத்தையும் தனித்தனியே காட்டும். எது பெரியதோ அதுதான் ஆள். எதுவுமே புரியவில்லை என்றால் ஒரு நாட்டு வைத்தியம்: ரெசல்யூஷனைச் சட்டென்று பாதியாக்குங்கள். ஃப்ரேம் எகிறினால் கிராபிக்ஸ் கார்டுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எண் அசையவே இல்லை என்றால் பிராசசர்.

பலரும் இந்த இடத்தில்தான் தப்பு செய்கிறார்கள். பிராசசர் திணறும் மெஷினில் மேகத்தையும் நிழலையும் குறைத்துவிட்டு, "எல்லாவற்றையும் லோவில் வைத்தும் ஓடவில்லை" என்பார்கள். கழுத்து வலிக்குக் காலில் தைலம் தடவிய கதைதான்.

எந்த ஸ்லைடர் யாருக்குச் சுமை?

'டெர்ரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெய்ல்' என்ற ஸ்லைடர்தான் மைக்ரோசாஃப்டில் மிகப் பெரிய கணக்குப்பிள்ளை. எவ்வளவு தூரம் வரை தரையும் கட்டடமும் விவரமாகத் தெரிய வேண்டும் என்பதை இது முடிவு செய்கிறது; சுமை பிராசசர் மீதும் ராம் மீதும். 200-இல் மன்ஹாட்டனை நெருங்கும்போது மெயின் த்ரெட் திணறினால் 100-க்கு இறக்கிப் பாருங்கள். 1,500 அடியில் வித்தியாசம் தூரத்துக் கட்டடங்களில் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவை ஏறத்தாழ அப்படியே இருக்கும். காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகமும், விமான நிலையத்தில் நிற்கும் வண்டிகளும் மற்ற விமானங்களும் பிராசசரின் கணக்கில்தான் சேரும். எக்ஸ்-பிளேனில் இதே இடத்தில் இருப்பது 'வேர்ல்ட் ஆப்ஜெக்ட்ஸ்' எண்ணிக்கை.

மேகத்தின் தரம், நிழல், பிரதிபலிப்பு, ரெசல்யூஷன் எல்லாம் கிராபிக்ஸ் கார்டின் தலையில். அதனால்தான் வெறும் வானத்தில் ஒரு சுற்று முடிந்ததும், வானத்தை மேகத்தால் மூடி இன்னொரு சுற்று போகச் சொல்வேன். என் மெஷினில் மேகத்தை 'அல்ட்ரா'விலிருந்து 'ஹை'க்கு இறக்கியதும் கிடைத்த நிம்மதி, வேறு எந்த மாற்றத்திலும் கிடைக்கவில்லை. அழகில் குறைந்ததைக் கண்டுபிடிக்க இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்து உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

டெக்ஸ்சர், அதாவது பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் தரம், கிராபிக்ஸ் மெமரியின் விஷயம். மெமரி போதும் வரை எந்த வேறுபாடும் தெரியாது; நிரம்பி வழிந்த நொடியில் எல்லாம் படுத்துவிடும். என்னைப் போல 4 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் இதை 'மீடியம்'-இல் தொடங்குங்கள்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்று வருபவை, படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தைகள். தரைக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் காக்பிட் திரையில் உருளும் உயர எண்களைப் பாருங்கள், பேய் போல நிழல் இழுக்கும். படிக்க முடிகிறதா என்பதைப் பறந்தபடியே சோதியுங்கள். ஃப்ரேம் ஜெனரேஷன் இன்னொரு வகை: இரண்டு படங்களுக்கு நடுவே ஒன்றைத் தானே இட்டு நிரப்பும். எண் 60 என்று காட்டினாலும், ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் விமானம் கேட்பது 30-இன் வேகத்தில்தான். ஒப்பிடும்போது அதை அணைத்துவிட்டு அளப்பதே நியாயம்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம். நாலு ஸ்லைடரை ஒன்றாக இறக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்றால், எதனால் சரியானது என்று உங்களுக்கும் தெரியாது.

காட்சிக்கு மதிப்பெண்

இதற்கு மீட்டர் கிடையாது; உங்கள் கண்தான். ஆனால் பொதுவாக "சூப்பர்" என்று எழுதாமல் குறிப்பாகக் கேளுங்கள். ரன்வேயிலிருந்து எழும்பியதும் ஊர் எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் தெரிகிறதா? ஆற்றின் வளைவு சரியா? பாலம் தண்ணீருக்கு மேலே நிற்கிறதா, மூழ்கியிருக்கிறதா? தூரத்து மங்கல் நம் ஊர்ப் பகல் மங்கல் போல இருக்கிறதா, இல்லை கண்ணாடி போலத் துல்லியமா?

திருச்சியையே எடுத்துக்கொள்வோம். மலைக்கோட்டை 83 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறை. இலவசமாகக் கிடைக்கும் உலக உயரத் தரவு பெரும்பாலும் 2000-இல் எண்டெவர் விண்ணோடம் ரேடார் வைத்து அளந்ததிலிருந்து வருகிறது. 30 அல்லது 90 மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்தச் சல்லடையில் இமயமலை தப்பிக்கும், ஒற்றைப் பாறை தப்பிக்காது. செங்குத்தான விளிம்பு தேய்ந்து மண்மேடு போல ஆகிவிடும். காவிரியைப் பாருங்கள்: வரைபடத்தில் ஆறு என்று குறித்த இடத்தில் சிமுலேட்டர் தண்ணீரை ஊற்றிவிடும் என்பதால், சித்திரை வெயிலிலும் கரை தொட்டு ஓடலாம். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தைத் தேடுங்கள். கூரையைப் பார்த்து வீடு கட்டும் மென்பொருளுக்குக் கோபுரம் என்றால் என்னவென்று தெரியாது.

அதே நேரம் மன்ஹாட்டனில் போட்டோகிராமெட்ரியை இயக்கியும் அணைத்தும் பாருங்கள். இயக்கினால் 2,000 அடியிலிருந்து நிஜ ஊர். 300 அடிக்கு இறங்கினால் கட்டடங்கள் வெயிலில் உருகிய மெழுகு போலிருக்கும். அணைத்தால் கூர்மையான, ஆனால் யாருடையதோ ஆன கட்டடங்கள். மெஷினும் இணையமும் லேசாகும். ஹெலிகாப்டர் ஓட்டுபவர் அணைத்து வைத்தாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன்.

இருட்டிய பின்னும் ஒரு சுற்று போங்கள். பகலில் மைக்ரோசாஃப்டிடம் தோற்கும் எக்ஸ்-பிளேன், இரவு விளக்குகளில் ஈடு கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம். தெரு தெருவாக விளக்கு எரிவதும், ரன்வே விளக்குகள் தூரத்திலிருந்து மெல்லத் துலங்குவதும் அதில் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

பணம் செலவழிக்கும் முன்

சோதனை முடிந்தபின் மட்டும் கடைக்குப் போங்கள். 8 ஜிபி ராம் என்றால் முதலில் அதை 16 ஆக்குவது. சுழலும் ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுவது. இரண்டும் குறைந்த செலவு. திக்கல்களில் பாதி இதிலேயே போகலாம். மெயின் த்ரெட்தான் தொடர்ந்து தடுக்கிறது என்றால் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பயனில்லை. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் ஏஎம்டியின் எக்ஸ்3டி வகை பிராசசர்களைப் பற்றி விசாரிக்கலாம். 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் 96 எம்பி எல்3 கேஷ். பிராசசருக்குள்ளேயே இருக்கும் இந்தப் பெரிய கிடங்கு விமான சிமுலேட்டர்களுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. 4கே திரை வாங்கும் எண்ணம் இருந்தால் கதை மாறும். அங்கே சுமை கிராபிக்ஸ் கார்டுக்குத் தாவிவிடும்.

கடைசியாக, உங்களுக்குப் பொருந்திய செட்டிங்ஸ் பக்கங்களை மொபைலில் படம் பிடித்து வையுங்கள். சிமுலேட்டர் அப்டேட் வந்தாலோ கிராபிக்ஸ் டிரைவர் மாறினாலோ எண்கள் மாறும், சில நேரம் செட்டிங்கே பழையபடி திரும்பிவிடும். அப்போது அதே விமானம், அதே பகல் 12 மணி, அதே பாதை. நோட்டில் தேதி போட்டு ஒரு வரி. என் நோட்டில் இதுவரை பதினேழு முறை மலைக்கோட்டையைச் சுற்றியிருக்கிறேன். உச்சிப்பிள்ளையார் கோயிலை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.